இல்லாத ஃபில்டர்

இந்த வசந்தத்தில் பனிக்குப் போகும் உங்கள் குழுவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நான்கு பேர் என்று கேள்விப்பட்டேன். பெருமையாக இருந்தது. நான் கோயம்புத்தூரில் இயற்பியல் முடித்து ஜெர்மனியின் ரைன் நதிக்கரைக்கு வந்து சேர்ந்து, பனியை அளக்கத் தொடங்கிய காலத்தில், எங்கள் ஆய்வுக்கூடத்தில் தமிழ் பேச இரண்டே பேர். ஒருவன் நான். மற்றவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

சுத்தியலை எப்படிப் பிடிப்பது, கம்பியை எப்படி இழுப்பது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. அந்தக் கையேட்டில் பாதி நான் எழுதியது. அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. அதில் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அதை எழுத இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

வேறு துறையிலிருந்து வந்தவர்களுக்காகச் சில வரிகள். பனிப்பாறையின் மேல்பகுதியை ஃபிர்ன் என்கிறோம். கோடையைத் தாண்டிப் பிழைத்த பழைய பனி அது. பஞ்சும் இல்லை, கட்டியும் இல்லை. மேலே விழும் புதுப்பனியின் பாரத்தில் அது ஆண்டுக்காண்டு இறுகி, ஆழத்தில் கட்டிப்பனியாகிறது. எந்த ஆழத்தில் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று தோண்டாமல் அறிவது எங்கள் வேலை. பனிமேல் ஓர் இரும்புத் தட்டை வைத்துச் சுத்தியலால் அடிப்போம். வரிசையாக நட்டுவைத்த ஜியோஃபோன்கள் அதிர்வைக் கேட்கும் காதுகள். அடி எந்தக் காதுக்கு எப்போது போய்ச் சேர்ந்தது என்று பார்த்தால் கீழே உள்ள இறுக்கம் தெரியும். இறுகிய இடத்தில் அதிர்வு விரைந்து ஓடும்.

மேலிருந்து கீழே அடிப்பது நேரடி. ஒரு மரக்கட்டையைப் பனியில் பதித்து அதன் பக்கவாட்டில் அடிப்பது குறுக்கு அடி. இரண்டுக்கும் ஒரு முக்கியமான வேற்றுமை உண்டு. ஃபிர்னுக்குள் தண்ணீர் ஊறி நின்றால், நேரடி அதிர்வு அங்கே வேகம் பிடிக்கும். பார்க்கிறவனுக்குக் கட்டிப்பனி வந்துவிட்டதாகவே தோன்றும். குறுக்கு அதிர்வுக்குத் தண்ணீரால் லாபம் இல்லை. அது பழைய நடையிலேயே போகும். ஆகவே இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவன் ஏமாறமாட்டான். ஆனால் குறுக்கு அடிக்குப் பாடு அதிகம். ஒவ்வொரு ஜியோஃபோனும் ஒரே திசையைப் பார்க்கவேண்டும். வயிறு பனியில் படும்படி படுத்து, ரசமட்டம் வைத்து, ஒவ்வொன்றாக நடவேண்டும். நேரம் போதாத நாளில் நாங்கள் முதலில் கைவிடுவது அதைத்தான்.

இனி அண்ணை. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். மின்னணுக் கருவிகளில் ஆவுஸ்பில்டுங் என்னும் தொழிற்பயிற்சி முடித்து, எங்கள் கூடத்தில் களத் தொழில்நுட்பராகச் சேர்ந்தார். குடும்பம் பீலெஃபெல்டில். வாரநாட்களில் இங்கே ஓர் அறை, வெள்ளிக்கிழமை மாலை ரயில். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் நான் அண்ணை என்று கூப்பிட்டேன். அவருடைய நீண்ட பெயரைச் சொல்லித் தோற்றுப்போயிருந்த எங்கள் இயக்குநர் அதைக் கேட்டுப் பிடித்துக்கொண்டார். "ஹெர் அண்ணை" என்று, அதாவது திரு. அண்ணை என்று, மிக மரியாதையாக அழைக்கத் தொடங்கினார். நான் திருத்தப் போனேன்.

"விடுங்கோ டொக்டர்," என்றார் அண்ணை. "ப்ரொஃபெசரே என்னை அண்ணை எண்டு கூப்பிடுறார். ஊரில ஆருக்குக் கிடைக்கும் உது?"

அவர் நட்டுவைத்த ஜியோஃபோனை யாரும் மறுபடி போய்ப் பார்க்கவேண்டியதில்லை. இது என் கருத்து அல்ல. கூடத்தில் எல்லோரும் அறிந்த விஷயம்.

நான் சொல்லவந்த நிகழ்ச்சி ஒரு வடதுருவத் தீவின் பனிப்பரப்பில் தொடங்கியது. அடுத்த ஆண்டு அங்கே ஆழத் துளையிட்டுப் பனித்தூண் எடுக்கத் திட்டம். துளைக்க நல்ல இடத்தை அடித்துப் பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. நேரடி அடி எல்லாம் முடிந்திருந்தது. எதிர்பார்த்ததைவிட மேலேயே அதிர்வு வேகம் பிடித்தது. கட்டிப்பனி இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று எனக்கு ஒரே குஷி. கடைசி நாள் காலை, காற்று கூடுகிறது, ஹெலிகாப்டர் முன்கூட்டியே வரும் என்று செய்தி வந்தது.

"டொக்டர், குறுக்கால ஒருக்கா அடிச்சுப் பாப்பமே?" என்றார் அண்ணை.

"எதுக்கு அண்ணை? ரிசல்ட் கிளியரா இருக்கே."

"கிளியரா இருக்கிறதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு. இவ்வளவு மேல கட்டிப்பனி எண்டால் தோண்டியே பாத்திருக்கலாமே, நாங்கள் இஞ்ச ஏன் வருவான்?"

"சரி, நான் பேக் பண்ற வரைக்கும் உங்க டைம்."

ஜியோஃபோன் வரிசையைக் கோடு என்போம்; அவர் தனியாக அந்தக் கோடு முழுவதையும் நட்டார். கட்டையின் இடப்பக்கமும் அடித்தார், வலப்பக்கமும் அடித்தார். பக்கம் மாற்றி அடித்தால் உண்மையான குறுக்கு அதிர்வு கண்ணாடியில் பார்த்ததுபோலத் தலைகீழாக விழும்; அதுவே சோதனை. நான் கூடாரத்தில் மடிக்கணினித் திரையை அரை நிமிடம் பார்த்தேன். நேரடி அதிர்வு வேகம் பிடித்த இடத்தில் குறுக்கு அதிர்வு வேகம் பிடிக்கவில்லை. என் முடிவோடு அது ஒத்துவரவில்லை. இடமும் வலமும் தலைகீழாக விழுகின்றனவா என்று நான் பார்க்கவில்லை. களப் பதிவேட்டில் குறிப்பு எழுதும் கட்டத்தில் எழுதினேன்: "குறுக்குக் கோடு பயன்படாது. பிடிப்பு சரியில்லை."

பிடிப்பு என்றால் ஜியோஃபோன் பனியோடு பொருந்தி நிற்பது. எங்கள் தொழிலில் இதைவிட வசதியான வாக்கியம் இல்லை. பதிவு பிடிக்காதபோதெல்லாம் அதை எழுதிவிடலாம். யாரும் திரும்பப் போய்ச் சரிபார்க்க முடியாது. ஆனால் பிடிப்பு சரியில்லை என்றால் நட்டவன் கை சரியில்லை என்று பொருள். அன்று சந்தேகப்பட மூன்று இருந்தன: பனிக்குள் இருந்த ஏதோ ஒன்று, என் முடிவு, அண்ணையின் கை. நான் கையைத் தேர்ந்தெடுத்தேன். மூன்றில் அது ஒன்றுதான் திருப்பிப் பேசாது.

ஊர் திரும்பியபின் ஒருநாள் கன்டீனில் கேட்டார்.

"அந்தக் குறுக்குக் கோடு என்ன மாதிரி? இடமும் வலமும் திரும்பி விழுந்ததோ?"

"இல்ல அண்ணை, ஒரே நாய்ஸ். பிடிப்பு சரியா வரல."

"என்ர கையாலதானே வைச்சனான்," என்றார். பிறகு, "காத்தும் அடிச்சதுதான்," என்று அவரே எனக்காகக் காரணமும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அடுத்த ஆண்டு துளையிடும் குழு போனது. தலைவி உல்ரிக்க; பத்துக்கு மேற்பட்ட துளைகளை முடித்தவர், தேவையில்லாமல் ஒரு சொல் பேசமாட்டார். ஒரு பிற்பகல் இயக்குநர் என்னைத் தன் அறைக்கு வரச்சொன்னார். மேசைமேல் ஒலிபெருக்கித் தொலைபேசி. மறுமுனையில் உல்ரிக்க.

துளைக்கும் குழல் மேலே வந்தபோது அதில் பனித்தூண் இல்லை, தண்ணீர் இருந்தது என்றார். இரண்டாம் முறை இறக்கியதில் மேலே இழுக்கும்போது ஈரக்குழல் குளிர்ந்த ஃபிர்னில் உறைந்து மாட்டிக்கொண்டது; பாடுபட்டு விடுவித்திருக்கிறார்கள். நாளைக் காலை ஹெலிகாப்டர் ஒரே ஒரு முறை முகாமை நகர்த்தித் தரும். எங்கே நகர்த்துவது என்று இன்று நான்கு மணிக்குள் தெரியவேண்டும்.

"இன்னொரு தடவை தண்ணீரில் இறக்கினால் குழலை அங்கேயே விட்டுவிட்டுத்தான் வருவேன்," என்றார். "எனக்கு ஊகம் வேண்டாம். தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், நாங்கள் வீட்டுக்கு வருகிறோம்."

நான் என் அறைக்கு ஓடினேன். என்ன நடந்தது என்று படிக்கட்டிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணையின் பதிவைத் திறந்தேன். திறந்தேன், அவ்வளவுதான், வேறு எதுவும் செய்யவில்லை. இடப்பக்க அடியும் வலப்பக்க அடியும் ஒன்றுக்கொன்று தலைகீழாக, கோட்டின் முதல் காதிலிருந்து கடைசிக் காதுவரை, பாடநூலில் அச்சிடலாம்போல விழுந்திருந்தன. கைப்பிழை இருந்தால் அப்படி ஒருபோதும் விழாது. என் 'கட்டிப்பனி' இருந்த ஆழத்தில் குறுக்கு அதிர்வு வேகம் பிடிக்கவே இல்லை: தண்ணீர். கோட்டின் கிழக்கு முனையில் மட்டும், இன்னும் ஆழத்தில், நேரடியும் குறுக்கும் சேர்ந்தே வேகம் பிடித்தன. அங்கே தண்ணீர் இல்லை. துளைக்க வேண்டிய இடம் அது.

மூன்றரை மணிக்கு இயக்குநரின் அறைக்குத் திரும்பினேன். கிழக்கு முனைக்கு நகரச் சொன்னேன்.

"எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார் உல்ரிக்க.

"குறுக்குக் கோட்டை வைத்து."

இயக்குநரின் கையில் என் அறிக்கை இருந்தது. "இதில் பயன்படாது என்று எழுதியிருக்கிறீர்களே?"

அந்த இடத்தில் உண்மைக்கு ஒரு வாக்கியம் போதும்: பதிவு நன்றாக இருந்தது, நான் பார்க்காமல் எழுதினேன். நான் சொன்னது வேறு. புதிய ஃபில்டர் ஒன்றை முயன்றேன், அது இரைச்சலை நீக்கிப் பதிவை மீட்டுவிட்டது என்றேன். எங்கள் துறையில் நம்பக்கூடிய பொய். இயக்குநரின் முகம் மலர்ந்தது. உல்ரிக்க கிழக்கே நகர்ந்தார். பனித்தூண் உடையாமல், நனையாமல், கட்டிப்பனிவரை வந்தது.

அந்தத் தூண் இன்றும் குளிர்கிடங்கில் இருக்கிறது. உங்களில் சிலர் அதை அறுத்து அளந்திருப்பீர்கள். அந்தப் பனிக்கடியில் குளிர்காலத்திலும் உறையாத தண்ணீர் நிற்கிறது என்று முதலில் காட்டியது எங்கள் கூடம். அதை நினைத்து இன்றும் நெஞ்சு நிமிர்கிறது, மறைக்கமாட்டேன். ஆனால் அன்று எல்லோரும் கைதட்டியது எனக்கு. பதிவை மீட்ட திறமைக்கு. அந்தக் கைதட்டலில் அண்ணையும் இருந்தார், பின்வரிசையில் நின்றபடி.

இலையுதிர்காலத்தில் ஒரு புதன்கிழமை என் அறைக் கதவைத் தட்டினார். கையில் நோட்டுப்புத்தகம், பேனா.

"ஒரு விசயம் கேக்கவேணும் டொக்டர். நேரம் இருக்கோ?"

"உக்காருங்க அண்ணை."

"அந்த ஃபில்டர். அது எப்பிடி வேலை செய்யுது எண்டு எனக்கு விளங்குற மாதிரிச் சொல்லித்தருவியளோ? அடுத்ததா வாற பெடியனுக்கு எழுதிவைக்கப்போறன். பிழையா நட்டாலும் காப்பாத்தலாம் எண்டு அவனுக்குத் தெரியவேணும்."

"அடுத்ததா வர்றவனா? நீங்க எங்க போறீங்க?"

"நான் இனிப் பனிக்கு வரேல்லை. வேர்க்ஷாப்பிலயே இருக்கிறன் எண்டு அன்ட்ராக் எழுதிக் குடுத்திட்டன். ப்ரொஃபெசர் வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுவார்."

அன்ட்ராக் என்றால் விண்ணப்பம். ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது, எனக்குத் தெரியும்.

"கை பிழைச்சிட்டுது," என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். "முந்தி எனக்கு வைக்கேக்கையே தெரியும், இது பிடிச்சிட்டுது எண்டு. அண்டைக்கும் பிடிச்சிட்டுது எண்டுதான் நினைச்சன். நினைச்சது பிழை எண்டால் பிறகு என்னத்தை நம்பி நடுறது? போன பனிக்காலம் முழுக்க முத்தத்தில நட்டு நட்டுப் பாத்தன். எல்லாம் சரியாத்தான் கிடக்கு. எது பிழைச்சது எண்டுதான் தெரியேல்லை."

குளிர்காலத்தில் கூடத்தின் பின்முற்றத்தில் அவர் மதிய இடைவேளைகளில் குனிந்திருந்ததை நான் ஜன்னல் வழியே பார்த்திருக்கிறேன். கருவி சோதிக்கிறார் என்று நினைத்தேன். அவர் சோதித்தது தன் கையை.

"ஃபில்டர் இல்ல அண்ணை," என்றேன்.

"என்ன?"

"அப்படி ஒண்ணு இல்லவே இல்ல. நான் உங்க பதிவைத் திறந்தேன், அவ்வளவுதான். இடமும் வலமும் அழகாத் திரும்பி விழுந்திருந்துச்சு. அன்னிக்குக் கூடாரத்துல நான் பார்க்கவே இல்ல. பார்க்காம எழுதினேன்."

அவர் நோட்டுப்புத்தகத்தை மூடினார்.

"கன்டீனில கேட்டனான்."

"ஆமா."

"அப்பவும் பாக்கேல்லை?"

"அப்பவும் பார்க்கல."

"டெலிஃபோன் வந்தபிறகு பாத்தனீங்கள். பாத்திட்டு ஃபில்டர் எண்டு சொன்னனீங்கள்." ஒவ்வொன்றையும் எடுத்து வரிசையில் வைப்பதுபோலச் சொன்னார். "அப்ப நான் ஒரு வருஷமா விசரன் மாதிரி முத்தத்தில நிண்டு நட்டுக்கொண்டிருந்தது உங்கட பொய்யை."

மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன்.

"என்னட்டைச் சொன்னது காணாது," என்றார். "எனக்குத் தெரிஞ்சு என்ன வரப்போகுது? எங்க எழுதினீங்களோ அங்க எழுதுங்கோ. ஆருக்குச் சொன்னீங்களோ அவையளுக்குச் சொல்லுங்கோ. தமிழில குசுகுசுத்தால் காணாது டொக்டர். டொய்ச்சில சொல்லுங்கோ."

கதவைச் சாத்தாமல் போனார்.

மறுநாள் வியாழக்கிழமை, எங்கள் குழுவின் வாராந்தரக் கூட்டம். என் முறை வரும்வரை காத்திருக்கவில்லை, முதலிலேயே எழுந்தேன். பழைய குறிப்பைத் திரையில் போட்டேன். பக்கத்தில் அண்ணையின் இரண்டு பதிவுகள், இடம், வலம். பேச அதிகம் இல்லை. அந்த அறையில் இருந்த எவருக்கும் படத்தைப் பார்த்த கணமே புரிந்தது. நான் எழுதியது பார்க்காமல் எழுதியது, ஃபில்டர் என்று ஒன்று கிடையாது, துளையிடும் இடத்தைக் கண்டுபிடித்தது இந்தக் கோட்டை நட்டவர் என்று ஜெர்மனில் சொன்னேன். களப் பதிவேட்டில் பழைய குறிப்பை அடிக்காமல், அதன் கீழே திருத்தத்தை எழுதிக் கையெழுத்திட்டேன். அடித்துவிட்டால் நான் முதலில் எழுதியது பிறகு வருபவர்களுக்குத் தெரியாமல் போகும். நீங்கள் இப்போதும் போய்ப் பார்க்கலாம். ஃபில்டரைப் பற்றி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியிருந்த கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். துறைத்தலைவர் பதவி எனக்கு என்று பேச்சு இருந்தது. அந்தப் பேச்சு நின்றது.

உல்ரிக்க மட்டும் கூட்டம் முடிந்து என்னிடம் வந்தார். "தொலைபேசியில் சொல்லியிருந்தாலும் நான் கிழக்கேதான் நகர்ந்திருப்பேன்," என்றார். அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. அந்தப் பொய்யால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. கடைசியில் எனக்கும்கூட இல்லை.

அன்றிலிருந்து நம் கூடத்தில் ஒரு விதி. பிடிப்பைப் பற்றிய குறிப்பை நட்டவரே எழுதவேண்டும். கூடாரத்தில் திரையைப் பார்ப்பவர் எழுதக்கூடாது. உங்களுக்கு இது காகிதத் தொல்லை என்று தோன்றுவதாகக் கேள்விப்பட்டேன். அந்த விதியை எழுதியவன் நான். கையேட்டின் என் பாதியில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அது. பதிவு உங்கள் முடிவோடு ஒத்துப்போகாதபோது முதலில் உங்கள் முடிவைச் சந்தேகப்படுங்கள். அடுத்தவர் கையைச் சந்தேகப்படத் தோன்றினால், அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது சந்தேகப்படுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை இயக்குநரின் அறை வாசலில் நின்றேன். அண்ணை உள்ளே இருந்தார். வெளியே வந்தபோது அவர் கையில் அந்த அன்ட்ராக் இருந்தது, கையெழுத்தில்லாமல். திரும்பப் பெற்றுவிட்டார். எனக்குக் கண் கலங்கியது. அவர் என்னைத் தாண்டி நேராக உல்ரிக்கவின் அறைக்குப் போய், அடுத்த பயணத்துக்கு அவருடைய குழுவில் பெயர் கொடுத்தார்.

ஓய்வுபெறும்வரை ஆண்டுதோறும் பனிக்குப் போனார். உல்ரிக்கவோடு போனார், அவருக்குப் பின் வந்தவர்களோடு போனார். இப்போது நம் கூடத்தில் ஃபிர்ன் குறுக்குப் பதிவு என்று எதைத் திறந்தாலும், பத்தில் எட்டு அவர் நட்டது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் வந்து கேட்டு வாங்கிப்போகிறார்கள். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வரும் பெருமைக்கு எனக்கு உரிமை இல்லை. இருந்தும் வருகிறது.

என்னோடு பகை இல்லை. மகளின் கல்யாணத்துக்கு அழைத்தார். தன் பக்கத்திலேயே உட்காரவைத்தார். அவர் ஓய்வுபெறுவதற்கு முந்திய ஆண்டு, என் கடைசிக் களப்பயணம் முடிவானபோது, வேர்க்ஷாப்புக்கு இறங்கிப்போய்க் கேட்டேன்.

"இந்த ஒரு தடவை என்னோட வர்றீங்களா, அண்ணை?"

கையிலிருந்த வேலையை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"வீட்டை வாங்கோ டொக்டர். சனிக்கிழமை வாங்கோ, மனிசி நண்டு காய்ச்சுறா. பனிக்கு ஏலாது."

சனிக்கிழமை பீலெஃபெல்டுக்கு ரயில் ஏறினேன்.